கடலை மட்டும் படம் எடுத்துப் போகிறவர்களுக்கு

தமிழ் வார, மாத இதழ்களுக்கு விளம்பரம் எழுதுகிற, வரைகிற, படம் பிடிக்கிற சென்னை நண்பர்களுக்கு,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். இதழ் கைக்கு வந்தால் கதைக்கு முன்னால் விளம்பரங்களைப் பார்த்துவிடுவது என் பழக்கம். கதை ஒருவர் எழுதுவது. விளம்பரத்துக்குப் பின்னால் காசு போடுகிறவர், யோசிக்கிறவர், வரைகிறவர், திருத்துகிறவர் என்று பத்துப் பேராவது இருப்பீர்கள். பத்துப் பேரும் தலையாட்டிய ஒரு படம், நம் சமூகம் எதை இயல்பு என்று நினைக்கிறது என்பதைக் கதையைவிட நன்றாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

தீபாவளி மலர்களில் முத்து நகை விளம்பரம் ஒன்று தவறாமல் வரும். நீலக் கடல், வெள்ளை மணல், பட்டுச் சேலையில் ஒரு பெண். கழுத்தில் மூன்று சரம் முத்து. அவள் ஒரு வேலையும் செய்யமாட்டாள். விரல்கள் மாலையைத் தொட்டபடி இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஆண் இருந்தால் அவன் வாங்கிக் கொடுத்தவன். ஆண் இல்லையென்றால் கடல்தான் வாங்கிக் கொடுத்தது போலிருக்கும். கடல் எங்கள் ஊர்க் கடல் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுவீர்கள்: கொற்கை, பாண்டியன், மன்னார் வளைகுடா.

கொற்கை உண்மை, மன்னார் வளைகுடாவும் உண்மை. ஆனால் தூத்துக்குடிக் கடலடி முத்துப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்துச்சிப்பி அதற்குப் பிறகு அந்த அளவுக்குத் திரும்பி வரவில்லை. 1973இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள், 1981இல் சிப்பியைக் குஞ்சு பொரிக்கவும் வைத்தார்கள். ஆராய்ச்சி ஜெயித்தது, வியாபாரம் எழவில்லை. ஆகவே அந்த மூன்று சர மாலை பெரும்பாலும் சீன முத்து. செஜியாங் மாகாணத்தில் ஜூஜி என்றொரு நகரம். அதைச் சுற்றியுள்ள குளங்களில் நன்னீர்ச் சிப்பி வளர்க்கிறார்கள். உலகச் சந்தைக்கு வரும் நன்னீர் முத்தில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான். உயிருள்ள சிப்பியை அரை விரல் அளவுக்குத் திறந்து, இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கைக் கொக்கியால் உள்ளே சொருக வேண்டும். சிப்பி சாகவும் கூடாது, துணுக்கு நழுவவும் கூடாது. இந்த வேலையை அங்கே பெரும்பாலும் செய்வது பெண்கள். பிறகு நிறம் பார்த்துப் பிரிப்பது, துளையிடுவது, கோர்ப்பது. சென்னைப் பெண்ணின் கழுத்தில் முத்து ஏறுவதற்குள் எத்தனையோ பெண்களின் கை அதன் மேல் பட்டுவிடுகிறது. படத்தில் ஒரு கைதான் இருக்கிறது, அதுவும் சும்மா இருக்கிறது.

கடலில் பெண் இறங்குவதில்லை என்றும் உங்கள் படங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. வலை, படகு, நங்கூரம் என்று எது வந்தாலும் கூடவே மீசை வைத்த ஆள் ஒருவர் வருவார். முத்துக்குளித்தவர்கள் ஆண்கள்தான், மறுக்கவில்லை. கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார்கள் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. ஆனால் இதே மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கம் சின்னப்பாலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கடல்பாசி எடுக்க முங்குவது பெண்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை, இவ்வளவுதான் கருவி. சேலையோடுதான் இறங்குகிறார்கள். 1986இல் தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்கா ஆனபிறகு வனத்துறையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. நீங்கள் விற்கிற ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தப் பயன்படும் பொருட்களில் சில கடல்பாசியிலிருந்து வருகின்றன. பற்பசை விளம்பரத்தில் லட்சுமி மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை.

உப்புக்கு வருகிறேன். உங்கள் விளம்பரத்தில் உப்பு பாக்கெட்டில் பிறந்து குழம்பில் முடிந்துவிடுகிறது. மருமகள் ஒரு சிட்டிகை போடுவாள், மாமியார் நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரிப்பார். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தினுடையது. முள்ளக்காடு, வேப்பலோடை, தருவைகுளம், ஆறுமுகநேரி என்று எந்தப் பக்கம் போனாலும் உப்பளங்கள்தான்.

விடியாத நேரத்திலேயே டார்ச் வெளிச்சத்தில் வேலை தொடங்கிவிடும். சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. பாத்தியில் திரண்டு கிடக்கும் உப்பை வாருபலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். நீர் வடிந்ததும் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றித் தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரம் போட வேண்டும். வாருவது பெரும்பாலும் ஆண், சுமப்பது பெரும்பாலும் பெண். கூலியில் சுமப்பவருக்குத்தான் குறைவு. எது கடினம் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். வெயில் ஏறியதும் அந்த வெள்ளைப் பரப்பை நிமிர்ந்து பார்க்க முடியாது. கண்ணை இடுக்கி இடுக்கி நெற்றியில் கோடு விழுந்திருக்கும். வயதான அளத்துக்கார அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் கண்ணைப் பற்றித்தான் சொல்வார்கள், பிறகு கால்விரல் இடுக்கில் வெடித்த புண்ணைப் பற்றி. ஐப்பசி மழை இறங்கினால் மூன்று மாதம் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு சில ஆண்டுகளாக 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்த ஊருக்கு வந்து, அளத்தில் இறங்கிப் பார்த்து, ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதினார். அவர் காலத்தில் இங்கே வந்துசேர உங்களுக்கு இருக்கிற அளவுக்கு வசதி கிடையாது.

இதையெல்லாம் விளம்பரத்தில் காட்டினால் யார் உப்பு வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் வேலை செய்வதை நீங்கள் காட்டவே இல்லை என்பதல்ல என் புகார். காட்டுகிறீர்கள், பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறீர்கள். துவைக்கிறாள், துலக்குகிறாள், டிபன் கட்டுகிறாள், பிள்ளைக்குப் பால் ஆற்றுகிறாள். ஆனால் அவள் செய்கிற எதையும் வேலை என்று சொல்வதில்லை, பாசம் என்கிறீர்கள். அவளுக்கு வியர்ப்பதில்லை. கறை போன சட்டையைப் பார்த்ததும் பூரிப்பு வந்துவிடுகிறது. 2019இல் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணிநேரப் பூரிப்பு யாருக்கும் வராது. 2023இல் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது, வீட்டில் பெண் செய்வது உழைப்புத்தான் என்று மாநில அரசே சொன்னது. ஆயிரம் ரூபாய் போதுமா என்பது வேறு பேச்சு. உங்கள் பக்கங்கள் இன்னும் அந்த இடத்துக்குக்கூட வரவில்லை.

ஆண்களையும் நீங்கள் நன்றாக வைத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு விளம்பரத்து அப்பா எப்போது பார்த்தாலும் மகன் படிப்பையும் மகள் கல்யாணத்தையும் நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். மகளுக்குப் படிப்பும் மகனுக்குக் கல்யாணமும் செலவு வைப்பதில்லை போலும். சிமென்ட் விளம்பரத்தில் தலைக்கவசம் போட்ட இன்ஜினியர் உண்டு, கல் சுமக்கும் சித்தாள் கிடையாது. அப்புறம், எங்கள் ஊர்த் தோணிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போனவை. தோணியில் சமைக்கிறவருக்குப் பண்டாரி என்று பெயர். அலையில் ஆடுகிற அடுப்பில் தோணியாட்கள் அத்தனை பேருக்கும் சோறு வடித்து மீன் குழம்பு வைப்பார். மசாலாப் பொடி விளம்பரத்துக்கு ஒரு பண்டாரியைக் கூப்பிடலாம் என்று உங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம்.

பெண்ணை அலங்காரமாகக் காட்டாமல் உழைப்பாளியாகக் காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. சீனாக்காரர்கள் இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

நம் ஆனந்த விகடன் தொடங்கிய அதே 1926இல் ஷாங்காயில் ‘லியாங்யூ’ என்ற படப் பத்திரிகை தொடங்கியது. அட்டையில் பெரும்பாலும் ஒரு நாகரிகப் பெண். குட்டை முடி, உடம்பை ஒட்டிய சீப்பாவ் உடை, சில சமயம் டென்னிஸ் மட்டை. உள்ளே சோப்பு, முகப்பூச்சு, சிகரெட் விளம்பரங்கள். சிகரெட் கம்பெனிகள் அதோடு நிற்காமல் வருடா வருடம் காலண்டர் அச்சடித்துக் கொடுத்தன. செங் மான்டுவோ என்ற ஓவியர் கரித்தூளைத் தேய்த்து அதன்மேல் நீர்வண்ணம் ஏற்றி வரைந்த பெண்களின் கன்னம் மெழுகு மாதிரி மினுங்கும். அந்தப் பாணி நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பெண் சோபாவில் சாய்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தாள். அதே ஷாங்காயின் சிகரெட் ஆலைகளில் இலை நரம்பு கிழித்தும் பெட்டி அடைத்தும் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களில் ஒருத்திகூடக் காலண்டரில் ஏறவில்லை.

கொஞ்சம் நிறுத்தி எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு அப்படியே ஜோடி இங்கே இருக்கிறது. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் வந்து தங்கினார். 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். அவரும் சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் முதலிய சீடர்களும் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னாட்டுச் சுவர்களுக்கெல்லாம் போயின. கீழே ஜவுளிக்கடை பெயரோ தீப்பெட்டி மார்க்கோ இருக்கும். ஷாங்காயில் நவநாகரிகப் பெண் செய்த வேலையைக் கோவில்பட்டியில் தெய்வம் செய்தது. எங்கள் அலுவலகத்தில் இன்றும் ஒரு லட்சுமி மாட்டியிருக்கிறது, ஓரத்தில் ஒரு லாரி சர்வீஸின் போன் நம்பரோடு. பெண் முகம், பட்டுச் சேலை, கையிலிருந்து கொட்டுகிற காசு. அதே கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டி, குச்சி அடைத்து, லேபிள் ஒட்டி, எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குவார்கள். மருந்து முக்குவது ஆண் வேலை, கூலி கூடுதல். அந்தப் பெண்கள் தலைக்கு மேலேயும் ஒரு லட்சுமி காலண்டர் தொங்கியிருக்கும். கொண்டையராஜுவின் கையைக் குறை சொல்ல மாட்டேன், அந்த முகங்களில் ஒரு சாந்தம் இருக்கிறது. ஆனால் பெண்ணிடமிருந்து செல்வம் தானாகக் கொட்டும், அவள் குனிந்து எதையும் செய்ய வேண்டியதில்லை என்ற நினைப்பை அந்தக் காலண்டர்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. நகைக்கடை விளம்பரத்துப் பெண் அந்த லட்சுமியின் பேத்திதான்.

சீனாவுக்குத் திரும்புகிறேன். 1949க்குப் பிறகு சாய்ந்து புகைத்தவள் காலண்டரிலிருந்து போய்விட்டாள். அவள் இடத்தில் சுவரொட்டிகளில் டிராக்டர் ஓட்டுகிறவள், மின்கம்பம் ஏறுகிறவள், வெல்டிங் செய்கிறவள் வந்தார்கள். லியாங் ஜுன் அந்த நாட்டின் முதல் பெண் டிராக்டர் ஓட்டுநர் என்று புகழப்பட்டவர். 1969இல் புழக்கத்துக்கு வந்த ஒரு யுவான் நோட்டில் டிராக்டர் ஓட்டுகிற பெண்ணை அவராகத்தான் மக்கள் பார்த்தார்கள். தாசாய் கிராமத்துப் பெண்கள் அணிக்கு ‘இரும்புப் பெண்கள்’ என்று பட்டம். சிவந்த கன்னம், மடித்துவிட்ட சட்டைக் கை, தொலைவில் பார்க்கும் கண். பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். ஆனால் கூலியைப் புள்ளியாகக் கணக்கிட்ட கம்யூன் (கூட்டுப் பண்ணை) பேரேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஆணுக்குப் பத்துப் புள்ளி என்றால் பெண்ணுக்கு ஆறு, ஏழு, மிஞ்சினால் எட்டு. வயலிலிருந்து வந்து அடுப்பு மூட்டியதும் அவளேதான். அதற்குப் புள்ளி கிடையாது, சுவரொட்டியும் கிடையாது. ஆண் அடுப்பு ஊதுகிற சுவரொட்டி ஒன்றை யாரும் அடித்ததாகத் தெரியவில்லை. பெண் ஆணின் இடத்துக்கு ஏறினாள், ஆண் பெண்ணின் இடத்துக்கு இறங்கவில்லை.

பின்னர் சந்தை திறந்தது, சோபா பெண் திரும்பி வந்தாள். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் ‘ஆண்கள் மட்டும்’ என்பதும் வந்தது. சட்டம் தடுத்திருந்தும் அரசுப் பணி அறிவிப்புகளிலேயே அது இருந்ததை 2018இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு தொகுத்துக் காட்டியது. சில கம்பெனிகள் தங்கள் அலுவலகத்து அழகான பெண்களைக் காட்டி ஆண்களை வேலைக்குக் கூப்பிட்டிருந்தன.

நாம் சிரிக்க வேண்டாம். நம் வரி விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள்: அலுவலக உதவியாளர், பெண்கள் மட்டும், விற்பனைப் பிரதிநிதி, ஆண்கள், டூவீலர் அவசியம். பெண்கள் மட்டும் என்பது பெண்கள் மேலுள்ள பிரியம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சம்பளத்துக்கு ஆண் வரமாட்டான் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆள் எடுப்பதில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டமே சொன்னது. மணமக்கள் பகுதி இதைவிட வெளிப்படை. அவனுக்கு மாத வருமானம், அவளுக்கு நிறம். இப்போது அவளுக்கும் வேலை கேட்கிறார்கள். வேலைக்குச் செல்லும், குடும்பப் பாங்கான பெண். இரண்டு ஷிஃப்டையும் ஒரே வரியில் கேட்டுவிடுகிற திறமை உங்கள் காப்பிரைட்டர்களுக்குக்கூட வராது.

இனி அந்தக் கேள்வி: யார் வாங்குவார்கள்? அளத்து அம்மாவின் வெடித்த காலைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இன்னொரு வகை அலங்காரமாகிவிடும். துயரத்தையும் மினுமினுப்பாக அச்சடிக்க உங்களுக்குத் தெரியும். அவரை இரும்புப் பெண்ணாக்கி மகளிர் தினத்துக்கு வாழ்த்துச் சொல்வதும் வேண்டாம். உப்பைப் பற்றிச் சொல்லும்போது அதைச் செய்தவரும் அந்தப் பக்கத்தில் சாதாரணமாக இருக்கட்டும், அவ்வளவுதான். பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது நல்ல உப்பு என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யார்? சமையலறையில் ஒரு ஆண் இருக்கட்டும், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்ற காரணம் இல்லாமல். துறைமுகத்துப் பின்னணியில் கார் விளம்பரம் எடுக்க வருகிறீர்களே, சுங்க அலுவலகங்களிலும் கப்பல் முகவர் அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்களையும் அந்தக் கிரேனுக்குக் கீழே நிறுத்தலாம். கார் எங்களுக்கும் ஓட்டத் தெரியும்.

விளம்பரத் தரக் கவுன்சில் 2022 ஜூனில் உங்களுக்கென்றே வழிகாட்டுதல் ஒன்று வெளியிட்டது. பெண் வீட்டைத் துடைப்பதைக் காட்டலாம். துடைப்பது எப்போதும் அவள் பொறுப்புத்தான் என்று தோன்றும்படி காட்டக் கூடாது என்கிறது. அது தரைமட்டம், கூரை அல்ல. புகார் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விகடனை 1928இல் வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன்பு விளம்பரத் தொழிலில் இருந்தவர். தமிழ்ப் பத்திரிகை வாசகரை உருவாக்கியதில் உங்கள் தொழிலுக்குப் பங்கு உண்டு என்பதற்காகத்தான் ஆசிரியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வருவதாக இருந்தால் சில விஷயங்கள். உப்பைப் பார்க்கப் பங்குனி, சித்திரையில் வாருங்கள். ஐப்பசியில் வந்தால் பாத்தியில் மழைத்தண்ணீர்தான் கிடக்கும். முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில்தான் வந்துசேரும், அதற்குள் அளத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். ஆகவே முந்தின நாளே வந்துவிடுங்கள். அளத்துச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கினால் மட்டும் போதாது, படத்தில் நிற்கிறவரிடமும் கேளுங்கள். நகை விளம்பரத்துப் பெண்ணுக்குக் கொடுக்கிற அதே கணக்கில் அவருக்கும் மாடல் கட்டணம் கொடுங்கள், அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அச்சான பிறகு இதழின் ஒரு பிரதியை அவர் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள். கங்காணி கையில் கொடுத்தால் போய்ச் சேராது.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து உங்கள் வாசகி ஒருத்தி